பழைய கம்ப்யூட்டருக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க்: அதற்கு எதுவரை எண்ணத் தெரியும்?

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு 3 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்து, 2008 வாக்கில் வாங்கிய கம்ப்யூட்டரில் மாட்டினால் அது மாட்டிக்கொள்ளும். கேபிள் சேரும், ஸ்க்ரூ பிடிக்கும், சுழலும் சத்தமும் கேட்கும். ஸ்க்ரீனில் மட்டும் 746 ஜிபி என்று வரும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். அவர் மேல் தப்பில்லை, டிஸ்க்கிலும் குறையில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்கு 3 டிபி வரை எண்ணத் தெரியவில்லை.

டிஸ்க் மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் பிளக்கைத்தான் பார்க்கிறார்கள். பிளக் பொருந்துமா என்பது பாதிக் கேள்வி. பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டின் புரோகிராம்), பார்டிஷன் டேபிள் (டிஸ்க்கின் பிரிவுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற பட்டியல்), ஆபரேட்டிங் சிஸ்டம் இந்த மூன்றுக்கும் டிஸ்க்கின் கடைசி மூலைவரை எண்ணத் தெரியுமா என்பது மீதிப் பாதி. இதைப் புரிந்துகொண்டால் எந்த அளவு வாங்கலாம், எது வீண் செலவு என்று கடைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.

மெயின், கிராஸ், கதவு எண்

ஹார்ட் டிஸ்க்கில் தகவல் சின்னச் சின்ன அறைகளில் கிடக்கிறது. அறைக்கு செக்டர் என்று பெயர், ஒன்றுக்கு 512 பைட். எந்த அறையைத் திறப்பது என்று சொல்ல ஒரு முகவரி வேண்டும். ஆரம்பகால பிசிக்களில் அந்த முகவரி நம் பெங்களூர் முகவரி மாதிரியே இருந்தது. 5வது மெயின், 3வது கிராஸ், 12ஆம் நம்பர் வீடு என்கிறோமே, அதுபோல எத்தனையாவது சிலிண்டர் (தட்டில் உள்ள வட்டத் தடம்), எத்தனையாவது ஹெட் (தட்டைப் படித்து எழுதும் முனை), எத்தனையாவது செக்டர். ஒவ்வொன்றுக்கும் இத்தனை இலக்கம்தான் என்று கட்டம் போட்டு வைத்ததால் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டருக்கு மேல் எழுத இடமில்லை. பெருக்கிப் பார்த்தால் 528 எம்பி. பிறகு ஹெட் எண்ணிக்கையை 255 வரை நீட்டிக் கணக்குக் காட்டி 8.4 ஜிபி வரை ஓட்டினார்கள்.

அதன்பின் மெயினும் கிராஸும் போய், முதல் அறையிலிருந்து கடைசி அறைவரை ஒரே வரிசை எண் என்று வந்தது. இதுதான் எல்பிஏ. ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் 1, 2, 3 என்று தொடர் எண் போட்ட மாதிரி. அந்த எண்ணை எழுத முதலில் 28 பிட், அதாவது 0, 1 மட்டும் எழுதும் 28 இலக்கங்கள், ஒதுக்கினார்கள். 28 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் சுமார் 26.8 கோடி. அறைக்கு 512 பைட் வீதம் 137 ஜிபி. இது போதாமல் 2002 வாக்கில் 48 பிட்டாக மாற்றினார்கள். அதோடு டிஸ்க்கின் பக்கம் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அதற்கு முன் வந்த மதர்போர்டுகளும், சர்வீஸ் பேக் எதுவும் போடாத முதல் விண்டோஸ் எக்ஸ்பியும் இன்னும் 28 பிட்டிலேயே நிற்கின்றன. எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 1 வந்த பிறகுதான் 137 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரிந்தது.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் இதில்தான் டேட்டா போகிறது. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999 ஆனதும் அடுத்து 00000 என்று திரும்பும் இல்லையா? எண்ணத் தெரியாத சிஸ்டம், எல்லைக்கு அடுத்த அறையில் எழுதப்போய், எண் சுற்றிவந்து டிஸ்க்கின் ஆரம்பத்தில் எழுதிவிடலாம். ஆரம்பத்தில் இருப்பது பார்டிஷன் டேபிள். அதன்மேல் ஒரு கல்யாண ஃபோட்டோ போய் உட்கார்ந்தால் மறுநாள் காலையில் முழு டிஸ்க்கும் காலி என்று காட்டும். மாதக்கணக்கில் நன்றாக ஓடிய டிஸ்க், நிரம்பிக்கொண்டு வரும்போது திடீரென்று இப்படி ஆகும். அதனால் மாட்டியதும் முழு அளவும் தெரிகிறதா என்று பார்க்காமல் ஃபைல் ஏற்றத் தொடங்க வேண்டாம்.

இன்று பலரும் முட்டிக்கொள்ளும் எல்லை 2 டிபி. இது பார்டிஷன் டேபிளின் எல்லை. எம்பிஆர் என்கிற பழைய முறையில் வரிசை எண்ணுக்கு 32 பிட்தான். 512 பைட் வீதம் கணக்குப் போட்டால் 2,19,902 கோடி பைட் சொச்சம், அதாவது 2.2 டிபி. விண்டோஸ் கணக்கில் இது 2048 ஜிபி. 3 டிபி டிஸ்க் விண்டோஸ் கணக்கில் 2794 ஜிபி. 2048ஐக் கழித்தால் மீதி 746. தொடக்கத்தில் பார்த்த அந்த எண் இங்கிருந்துதான் வருகிறது. மீட்டர் சுற்றிய சிஸ்டத்தில் மொத்தமே 746 என்று காட்டும். விண்டோஸ் 7-இல் எம்பிஆராக ஃபார்மேட் செய்தால் 2048 கிடைக்கும், 746 யாருக்கும் உதவாமல் ஓரத்தில் நிற்கும். இரண்டும் ஒரே நோய்தான்.

மருந்து ஜிபிடி என்கிற புதிய பார்டிஷன் முறை. அதில் எண்ணுக்கு 64 பிட். ஆனால் விண்டோஸ் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து பூட் ஆக வேண்டுமென்றால் மதர்போர்டில் பழைய பயாஸ் போதாது, அதன் இடத்துக்கு வந்த புதிய முறையான யுஇஎஃப்ஐ இருக்க வேண்டும், விண்டோஸும் 64 பிட்டாக இருக்க வேண்டும். 2012க்குப் பின் வந்த பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் யுஇஎஃப்ஐ உண்டு. விண்டோஸ் 10-இல் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ என்றிருந்தால் சரி. லெகசி என்றிருந்தால், இப்போது பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். மதர்போர்டுக்கு யுஇஎஃப்ஐ தெரியுமா என்பதை பயாஸ் செட்டிங்கிற்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பூட் ஆகத் தேவையில்லை, வெறுமனே டேட்டா வைக்கத்தான் என்றால் வழி சுலபம். விண்டோஸ் விஸ்டாவும் அதற்குப் பிந்தையவையும் பழைய பயாஸ் மெஷினிலும் ஜிபிடி டேட்டா டிஸ்க்கைப் படிக்கும், டிஸ்க்கை இயக்கும் சாஃப்ட்வேரான கன்ட்ரோலர் டிரைவர் பழசாக இல்லாதவரை. 32 பிட் எக்ஸ்பி படிக்காது.

ஆக, பழைய பயாஸ் மெஷினுக்கு எங்கள் பரிந்துரை இது: பூட் டிஸ்க்காக 2 டிபிக்கு மேல் போக வேண்டாம். அதைவிட நல்லது 240 அல்லது 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாமல் சிப்பில் சேமிப்பது; சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறை) ஒன்றை விண்டோஸுக்கு வைத்து, பெரிய ஹார்ட் டிஸ்க்கைப் பக்கத்தில் டேட்டாவுக்கு வைப்பது. பழைய சாட்டா 2 போர்ட்டில் எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது, விநாடிக்கு 300 எம்பிக்குள்தான் நிற்கும். இருந்தும் சின்னச் சின்ன ஃபைலைத் தேடி எடுப்பதில் ஹார்ட் டிஸ்க் அதன் கிட்டே வர முடியாது. பழைய மெஷினுக்கு இதைவிடப் பயன் தரும் செலவு வேறில்லை.

1 டிபி வாங்கினால் 931 ஜிபி காட்டுவது எல்லைப் பிரச்சினை இல்லை. கம்பெனி 1000ஆல் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. 500 ஜிபி என்றால் 465. அவ்வளவுதான்.

முதலில் பழைய டிஸ்க்கைத் தொல்லை செய்யாமல் இருங்கள்

கெட்டுப்போன டிஸ்க் என்று சொன்னாலும் பாதி நேரம் அது இன்னும் முழுசாகச் சாகவில்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல், பாருங்கள். 05 என்ற வரி, மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள். சி5, படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி6, கைவிடப்பட்டவை. சி5 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்குக்கு நாள் எண்ணத் தொடங்கியாயிற்று. ஆனால் இவை மூன்றும் பூஜ்யமாக இருந்து சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். அது கேபிளில் போகும் வழியில் நடக்கும் பிழை. டேட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். ஒரு கேபிளின் விலையில் முடிய வேண்டிய காரியத்துக்குப் புது டிஸ்க் வாங்கியவர்கள் நிறைய.

நிஜமாகவே செக்டர் கெட்டிருந்தால் ‘செக் டிஸ்க்’ ஓட்டாதீர்கள். பலரும் முதலில் செய்வது இதுதான், பெரிய சேதமும் இதனால்தான். செக் டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்துவது. உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் வேலையில்லை. படிக்க முடியாத ஃபோல்டரைக் கண்டால் உடைந்த துண்டாக வெட்டிப் போட்டுவிட்டு எல்லாம் சரி என்று சொல்லும். அதோடு சாகப் போகும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட வைக்கும்.

செய்ய வேண்டியது, டிஸ்க்கை அப்படியே வேறொன்றில் பிரதி எடுப்பது. லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓட்டுங்கள். சாதாரண காப்பி, படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இது அந்த இடத்தைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிப் போகும், நல்ல பகுதியை எல்லாம் முதலில் அள்ளும், பிறகு கெட்ட இடத்துக்குத் திரும்பி வரும். எதை எடுத்தாயிற்று, எது பாக்கி என்பதை மேப் ஃபைல் ஒன்றில் எழுதிக்கொண்டே போகும். அந்த மேப் ஃபைலை மூன்றாவது ஒரு இடத்தில், இன்னொரு பென் டிரைவில் வையுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அதே மேப் ஃபைலைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மழைக்காலச் சாயங்காலத்தில் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். முதல் சுற்றில் கெட்ட இடத்தைச் சுரண்டாமல் விடுங்கள். இரண்டாம் சுற்றில் மூன்று முறை முயலச் சொல்லலாம். எது பழையது, எது புதியது என்பதைக் கட்டளையில் மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்க், டேட்டா உள்ள பழைய டிஸ்க்கின்மேல் எழுதப்பட்டுவிடும். மாடல் பெயரையும் சீரியல் நம்பரையும் ஒத்துப் பார்த்த பிறகு என்டர் தட்டுங்கள்.

டக், டக் என்று ஒரே தாளத்தில் தட்டும் சத்தம் வந்தால் இதையும் செய்ய வேண்டாம். கரண்டை நிறுத்துங்கள். உள்ளே ஹெட் தன் இடத்தைத் தேடித் தேடித் திரும்புகிறது, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம். டேட்டா அவசியமென்றால் கிளீன் ரூம் (தூசியில்லாத அறை) உள்ள டேட்டா ரெகவரி ஆட்களிடம்தான் போக வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். அதே மாடலின் சர்க்யூட் போர்டைக் கழற்றி மாட்டுவதும் இன்றைய டிஸ்க்குகளில் வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு டிஸ்க்கின் அளவுத்திருத்த விவரமும் அதன் போர்டில் உள்ள சிப்பில் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த சிப்பையும் இடம் மாற்றாமல் போர்டு பேசாது.

எஸ்.பி. ரோட்டில்

சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தால் கடைகள்தான். கேட்க வேண்டியதைத் தெரிந்துகொண்டு போங்கள். டெஸ்க்டாப்புக்கு 3.5 இஞ்ச், லேப்டாப்புக்கு 2.5 இஞ்ச். லேப்டாப் என்றால் தடிமனையும் பாருங்கள்: 7 மில்லிமீட்டர் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் இடத்தில் உட்காரும், 15 மில்லிமீட்டர் டிஸ்க் எந்தச் சாதாரண லேப்டாப்பிலும் உட்காராது. 2.5 இஞ்சில் மிகப் பெரிய அளவுகள் பெரும்பாலும் இந்தத் தடித்த வகைதான்.

பட்டையான, 40 பின் ரிப்பன் கேபிள் உள்ள மெஷின் என்றால் அது சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ. புது ஐடிஇ டிஸ்க் இப்போது யாரும் செய்வதில்லை. கடையில் கிடைப்பது கழற்றிய பழசு, வாங்காதீர்கள். ஐடிஇ போர்ட்டில் சொருகும் சாட்டா கன்வெர்ட்டர் கிடைக்கும். அதோடு சின்ன எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளலாம், ஆனால் அந்த மெஷினின் 137 ஜிபி எல்லை உங்களோடு கூடவே வரும். 120 ஜிபி போதும்.

புதிது என்று கொடுப்பதில் கழற்றி எடுத்ததும் கலந்து வருவதுண்டு. வாரண்டி இதெயா என்று கன்னடத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் ‘இருக்கு’ என்பார்கள். வாய்ச்சொல் போதாது, சீரியல் நம்பர் எழுதிய பில் வாங்குங்கள். கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் அந்த நம்பரைப் போட்டுத் தேதி பாருங்கள். வீட்டில் மாட்டியதும் ஸ்மார்ட்டில் 09 என்ற வரியில் ஓடிய மணி நேரம் தெரியும். புது டிஸ்க்கில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அந்த எண்ணை அழித்து விற்பவர்களும் இருப்பதால்தான் சீரியல் நம்பரைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறோம்.

சிசிடிவிக்கான டிஸ்க்குகள் அங்கே அதிகம் கிடைக்கும். அவை பிசியிலும் ஓடும். ஆனால் அவற்றின் உள் அமைப்பு வீடியோவை நிற்காமல் எழுதுவதற்காகச் சீர்செய்யப்பட்டது, விண்டோஸ் வைக்க அதுதான் முதல் தேர்வு என்று சொல்ல மாட்டோம். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகள் தடங்களைக் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எழுதுபவை. ஃபோட்டோ சேர்த்து வைக்கச் சரி, தினமும் எழுதி அழிக்கும் வேலைக்கு மெதுவாகிவிடும். மாடல் நம்பரைப் போட்டுத் தேடினால் எந்த வகை என்று தெரியும்.

மாட்டுவது

மெயின் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்சத்தை வடியவிடுங்கள். கேபினெட்டின் வண்ணம் பூசாத இரும்பை ஒரு முறை தொடுங்கள். திறந்த கையோடு மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடலாம். பத்து வருஷ மெஷினில் அது தீர்ந்திருக்கும், தேதி தப்பாக வரும், பயாஸ் செட்டிங் மறந்துபோகும்.

3.5 இஞ்ச் டிஸ்க்கின் ஸ்க்ரூவும் 2.5 இஞ்சின் ஸ்க்ரூவும் வேறு வேறு. கரகரவென்று இறங்கினால் தப்பான ஸ்க்ரூ, திருப்பி எடுத்துவிடுங்கள். நீளமான ஸ்க்ரூவை முறுக்கினால் உள்ளே போய்க் குத்தும். சாட்டா பிளக்கின் உள்ளே எல் வடிவத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு இருக்கிறது. கேபிளை மேலும் கீழும் ஆட்டிப் பிடுங்கினால் அது உடைந்துபோய், பின்கள் மட்டும் ஆதரவில்லாமல் நிற்கும். நேராகச் சொருகி நேராக இழுங்கள்.

பழைய பவர் சப்ளையில் சாட்டா பவர் இல்லாவிட்டால் நான்கு பின் பெரிய பிளக்கிலிருந்து மாற்றும் கேபிள் போடலாம். அதில் கம்பிகளை ஒரே பிளாஸ்டிக் வார்ப்பில் புதைத்தவை உண்டு. மலிவானவற்றில் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்திருக்கின்றன. பின்புறம் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக இறங்கித் தெரிகிற வகையை வாங்குங்கள்.

மாட்டிய பிறகு டிஸ்க் சுழலவே இல்லையா? எக்ஸ்டர்னல் டப்பாவிலிருந்து கழற்றிய பெரிய டிஸ்க்காக இருந்தால், பவர் பிளக்கின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வருவதை ‘அணைந்திரு’ என்ற உத்தரவாக அது எடுத்துக்கொள்ளும். 3.3 வோல்ட் கம்பி இல்லாத அந்த நான்கு பின் மாற்றுக் கேபிளைப் போட்டால் ஓடும். சுழல்கிறது, பயாஸில் மட்டும் தெரியவில்லை என்றால் 2005 காலத்து வியா விடி8237 சிப் உள்ள போர்டாக இருக்கலாம். அதற்கு 1.5 ஜிகாபிட் வேகத்தில்தான் பேசத் தெரியும், புது டிஸ்க்கோடு வேகம் ஒத்துக்கொள்ளத் தெரியாது. வெஸ்டர்ன் டிஜிட்டலில் 5, 6 பின்களைச் சேர்த்து ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடி) போட்டால் டிஸ்க் தன் வேகத்தை இறக்கிக்கொள்ளும். ஜம்பர் பின்னே இல்லாத டிஸ்க் என்றால் பிசிஐ சாட்டா கார்டு ஒன்றுதான் வழி, அதுவும் வேறு சிப் உள்ளதாக இருக்க வேண்டும்.

விண்டோஸ்

பழைய டிஸ்க் நலமாக இருந்து அளவுக்காக மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் குளோனிங், அதாவது டிஸ்க்கை அப்படியே பிரதி எடுப்பது, செய்யலாம்; அதற்கான குளோன்ஜில்லா மென்பொருள் இலவசம். செக்டர் கெட்ட டிஸ்க்கிலிருந்து எடுத்த பிரதியில் விண்டோஸ் ஃபைல்களே ஓட்டையாக இருக்கலாம். அப்போது விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிட்டு உங்கள் ஃபைல்களை மட்டும் கொண்டுவாருங்கள். நேரம் கூடினாலும் பிறகு நிம்மதி. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதையும் யோசித்து முடிவெடுங்கள். இணையமும் டாக்குமென்ட்டும் மட்டும் போதும் என்பவர்களுக்குப் பழைய மெஷினில் லினக்ஸ் மிண்ட் நன்றாகவே ஓடும்.

குளோன் செய்தபின் 500 ஜிபியே காட்டினால் பயப்பட வேண்டாம், பழைய பார்டிஷன் அளவும் சேர்ந்தே பிரதியாகியிருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எக்ஸ்டென்ட் கொடுங்கள். அந்தப் பட்டன் மங்கியிருந்தால் சி பார்டிஷனுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெகவரி பார்டிஷன் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் ஒட்டியுள்ள இடத்தைத்தான் சேர்க்கும். ஜிபார்ட்டட் என்ற பார்டிஷன் கருவி கொண்டு அந்தச் சின்னப் பார்டிஷனைக் கடைசிக்கு நகர்த்திவிட்டுப் பிறகு நீட்டுங்கள்.

பூட் ஆகும்போது நீலத் திரையில் 7பி என்று முடியும் எண் வந்தால் பயாஸில் சாட்டா மோட், அதாவது மதர்போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, மாறியிருக்கிறது. பழைய விண்டோஸ் ஐடிஇ மோடில் ஏற்றப்பட்டு, இப்போது ஏஎச்சிஐ ஆகியிருக்கும், அல்லது நேர்மாறாக. தீர்ந்த பேட்டரியை மாற்றும்போது பயாஸ் தன் தொடக்க நிலைக்குப் போய்விடுவதால் இது அடிக்கடி நடக்கும். பேட்டரியைக் கழற்றும் முன் பயாஸ் பக்கங்களை மொபைலில் ஃபோட்டோ எடுத்துவைத்தால் திருப்பி வைக்க ஒரு நிமிஷம்.

எக்ஸ்பி இன்னும் தேவைப்படுகிறவர்கள், பழைய கணக்கு சாஃப்ட்வேருக்காக வைத்திருக்கும் கடைக்காரர்கள், ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2011 முதல் வரும் டிஸ்க்குகள் உள்ளே 4096 பைட் அறையாகவே எழுதுகின்றன, வெளியே 512 என்று காட்டுகின்றன. எக்ஸ்பி பார்டிஷனை 63வது செக்டரில் தொடங்கும், ஒரு 4096 பைட் அறையில் எட்டு 512 அடங்கும், 63 எட்டால் வகுபடாது. எழுதுவது ஒவ்வொன்றும் இரண்டு அறைகளின் நடுச்சுவரில் விழும், டிஸ்க் இரட்டை வேலை செய்யும். ஜிபார்ட்டட்டில் முதலிலேயே 2048வது செக்டரிலிருந்து பார்டிஷன் போட்டுவிட்டு அதில் எக்ஸ்பியை ஏற்றினால் இந்தத் தொல்லையில்லை.

புது டிஸ்க் ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை பழசைத் தூக்கிப் போடாதீர்கள். போடும்போது அதில் ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். எழுத முடிந்தால் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிட்டு இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுங்கள். எழுத முடியாவிட்டால் தட்டில் துளை போடுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சிதறும். துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள்.